தரையில் கிடத்திய பிள்ளை

சுபிஷா அப்பாவுக்கு,

இங்கே அஜ்மானில் வெயில் கொஞ்சம் தணிந்திருக்கிறது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தபோது நம் குட்டித் தம்பி கதவருகே தரையில் கிடந்தது என் கவனக்குறைவு இல்லை. சுபிஷாதான் கிடத்தினாள். பழைய ரோமாபுரியில் பிள்ளை பிறந்ததும் தரையில் கிடத்துவார்களாம். அப்பா குனிந்து தூக்கினால்தான் அது அந்த வீட்டுப் பிள்ளையாம். பள்ளிக்கூடத்தில் படித்தாளாம். காலையிலேயே அவனைக் குளிப்பாட்டச் சொல்லி, பவுடர் போட்டு, போர்வை விரித்துக் காத்திருந்தாள்.

தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து நீங்கள் ராஸ் அல் கைமாவில் கம்பெனி கேம்பிலேயே தங்கிவிடுவது அவளுக்கும் தெரியும்.

"பிள்ளைய யாராவது தரையில போடுவாவளா? எடுட்டீ" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவனைச் சுற்றி நடந்து உள்ளே போனீர்கள். அவன் உங்கள் காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நீங்கள் போன பிறகு அவள் கேட்டாள். "மம்மி, டாடி தூக்கலைன்னா ரோம்ல என்ன செய்வாங்க?"

"அம்மா தூக்கிக்கிடுவா மக்கா."

"நோ மம்மி. வெளியே கொண்டுபோய் விட்டுருவாங்க. புக்ல இருக்கு."

எழுந்துபோய் வாசற்கதவை உள்பக்கமாகப் பூட்டினாள். சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

விசா பேப்பரில் நீங்கள் கையெழுத்துப் போடாததால் தம்பிக்கு விசா இல்லை. புதன்கிழமை அவனைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறேன். சுபிஷா படிப்பை விட முடியாது, இந்த வீட்டில் உங்களோடுதான் இருப்பாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா