கண்ணாடியில் புல்லய்யா

தெனாலி, 3 நவம்பர் 1986

அரிசிக்கடை கோட்டய்யாவின் மகன் பண்டு இன்று என் சுண்டுவிரலைக் கடித்துவிட்டான். மூன்று வயதுகூட ஆகவில்லை, பல் மட்டும் வரிசையாக இருக்கிறது.

பதினாறாம் தேதி திருப்பதியில் அவனுக்கு முடி இறக்குகிறார்கள். அதற்கு முன்னால் எல்லா வீட்டிலும் செய்வதுதான்: பையனுக்குப் பட்டுப் பாவாடை கட்டி, சடை பின்னி, சடை முழுக்கப் பூத் தைத்து, பின்னால் நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து ஒரு படம். முகமும் சடையும் சேர்ந்து விழ வேண்டும். முடி போனபிறகு யார் வந்து கேட்டாலும் எடுக்க முடியாது. ஆறு படம் எடுத்தேன். ஆறிலும் அழுகை, உள்நாக்கு வரை தெரிகிறது.

கோட்டய்யா போகும்போது, "சிரிச்ச படம் இல்லேன்னா காசு இல்லம்மா" என்றார். பேருந்து நிலையத்தில் வளையல் விற்றுக் கேமரா வாங்கியவள் நான், இவரைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். ஆனால் அவர் கடைக் காலண்டருக்குப் படம் எடுக்கும் வேலை மேல் எனக்கு ஒரு கண். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

4 நவம்பர்

விரல் வீக்கம். மஞ்சள் பற்று. ஷட்டரை அழுத்துகிற விரல் தப்பித்தது.

6 நவம்பர்

பண்டுவின் அம்மா நாகரத்னம் தனியாக வந்தாள். அவள் அண்ணன் புல்லய்யா ரேபல்லை பஸ்ஸில் கண்டக்டர். முதல் முடி வெட்டும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இவர்களோ மாமனை அழைக்கவே இல்லை. ஒன்றரை வருடமாகக் கோட்டய்யாவும் அவரும் பேசுவதில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். கோட்டய்யாவின் புதுமனை விருந்தில், நிறைந்த பந்தியில், சோற்றில் கல் கடித்துப் பல் உடைந்தது என்று புல்லய்யா சொல்லிவிட்டார். அரிசி வியாபாரி வீட்டில் சொல்கிற பேச்சா? கோட்டய்யா பொய் என்றார். வாயைத் திறந்து பல்லைக் காட்ட நான் என்ன சந்தைமாடா என்று எழுந்து போனார் புல்லய்யா.

"மடிதான் இல்ல. சடையோட ஒரு தடவ பாத்துட்டாவது போகட்டும் அக்கா. இவருக்குத் தெரிய வேணாம்" என்றாள். பிறந்த வீட்டுக்கு அண்ணன் பஸ்ஸில்தான் போய்வருவாளாம், பண்டுவுக்கு மாமன் என்றால் உயிராம். எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. மாமனைக் கண்டால் பையன் சிரிப்பான். சரி என்றேன். என் நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

7 நவம்பர்

பின்கதவு வழியாக வந்தார்கள். புல்லய்யா காக்கிச் சட்டையும் தோல்பையுமாக, டியூட்டிக்கு நடுவே. கேமராவுக்கு ஓர் அடி தள்ளி நின்று விசிலை ஊதி, "டிக்கெட் எடுக்காத ஆளெல்லாம் எறங்கு" என்றார். பண்டு சிரித்த சிரிப்பில் சடையிலிருந்து இரண்டு பூ உதிர்ந்தது. ஒரே ஒரு படம். அடுத்ததற்குள் முக்காலியிலிருந்து குதித்து மாமன் கழுத்தில் ஏறிவிட்டான். சடை அவிழ்ந்தது. போகட்டும், ஒன்று போதும்.

8 நவம்பர்

போதவில்லை.

படம் கழுவிப் பார்த்தால், கண்ணாடியில் சடைக்குப் பக்கத்தில் முழு புல்லய்யா. கையில் விசில், வாய் நிறையச் சிரிப்பு. பதினாறு வருடமாக இந்தக் கண்ணாடியை வைக்கிறேன், நான் கறுப்புத் துணிக்குள் ஒளிந்துகொள்வேன், என் நிழல்கூட விழுந்ததில்லை. அந்த மனுஷன் மேல் ஒரு துணியைப் போடத் தோன்றியதா எனக்கு? இல்லையே. பையன் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

9 நவம்பர்

ஒரு பிரதியில் புல்லய்யாவின் மேல் தூரிகையால் பூச்சாடி வரைந்தேன். ஜாடிக்குத் தோள் வந்துவிட்டது.

நாகரத்னத்துக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன். இதைப் பார்த்தால் கோட்டய்யா வீட்டில் உன்னை என்ன செய்வாரோ, ஜாடிப் படத்தையே கொடுத்துவிடலாம் என்றேன். வெகுநேரம் படத்தையே பார்த்தாள்.

"அழிக்க வேணாம் அக்கா. நான்தான் கூட்டிட்டு வந்தேன்னு சொல்லிருங்க. மடியும் இல்ல, படத்துலயும் இல்லன்னா, பிள்ளைக்கு மாமன்னு ஒருத்தன் எதுக்கு?"

சரி, அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. என் காலண்டருக்கு யார் பதில் சொல்வது?

11 நவம்பர்

கோட்டய்யா வந்தார். இரண்டு படத்தையும் மேசையில் வைத்தேன். ஜாடியை முதலில் எடுத்தார். இது என்ன, சட்டை போட்ட ஜாடியா என்றார். அப்புறம் மற்றது. முகம் கறுத்தது. யார் கூட்டிவந்தது, ஏன் என்று ஒளிக்காமல் சொன்னேன். பையன் என்னைக் கடித்தான், மாமனைக் கடிக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

என் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். மகனைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். படத்தில், நிலைக்கண்ணாடிக்குள் இருந்த புல்லய்யாவின் வாய் மேலேயே அதைப் பிடித்திருந்தார். மேல்வரிசை, இடது பக்கம்.

"பாதிப் பல்லுதான் இருக்கு" என்றார். என்னிடமா, தன்னிடமா, தெரியவில்லை.

கல் கொஞ்சம் பெரிசுதான் போல என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

"அந்த வருஷம் நெல்லு அடிச்ச களம் சரியில்ல. அதுக்காக... அன்னைக்கே காட்டித் தொலைச்சிருக்கலாம்ல அவன்?"

"காட்டுன்னு நீங்க மரியாதையாக் கேட்டீங்களா?"

படத்தையும் எடுக்காமல், காசும் வைக்காமல் போய்விட்டார். காலண்டர் போயிற்று. எனக்கு எதற்கு இந்த வாய்?

13 நவம்பர்

நாகரத்னம் காலையில் மூச்சிரைக்க வந்தாள். நேற்று கோட்டய்யா ரேபல்லை பஸ் ஏறியிருக்கிறார். புல்லய்யாவிடமே டிக்கெட் வாங்கியிருக்கிறார். கடைசி நிறுத்தம் வரை இருவரும் வாய் திறக்கவில்லையாம். இறங்கும்போது படியில் நின்றுகொண்டு, "சனிக்கிழமை ரயிலுக்கு வந்துரு. மடி வேணும்" என்றாராம். "மீதிச் சில்லறைய வாங்கிட்டுப் போ, பாவா" என்று தங்கை புருஷனை முறை சொல்லிக் கூப்பிட்டாராம் அவர். அவ்வளவுதான் பேச்சு. இவள் சொல்லிச் சொல்லி அழுகிறாள், சிரிக்கிறாள்.

மதியம் கோட்டய்யா என்னைத் தேடி வந்தார். காலண்டரைப் பற்றி அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார், பார்ப்போம். பேசி முடித்தது இது: ஜாடிப் படம் வேண்டாம். மற்றதில் இரண்டு பெரிய பிரதி, வண்ணம் தீட்டி, சட்டம் போட்டு, ஒன்று நூற்றைம்பது ரூபாய். ஒன்று அரிசிக்கடைக்கு, ஒன்று ரேபல்லைக்கு, புல்லய்யாவுக்கு. இரண்டுக்கும் பணம் கோட்டய்யா.