ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூள்

9 ஜூன் 1962, சனி

இரண்டு மாதமாக வீட்டில் மஞ்சள் தூள் ஏன் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சுங்கை ரோட்டுச் சந்தையில் பழைய சாமான் விற்கும் பாய், எங்கள் காரின் ஒழுகும் ரேடியேட்டரைத் திறந்துவிட்டார். தண்ணீர் மஞ்சளாகக் கொட்டியது.

"என்ன தம்பி, உள்ள கறி வச்சிருக்கீங்களா?"

"ஓட்டைய அடைக்கத்தான் பாய், கொஞ்சம் மஞ்சத்தூள் போட்டேன்," என்றார் என் வீட்டுக்காரர், என்னைப் பார்க்காமல். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிரசவத்துக்கு இந்தக் காரில்தானே நான் போக வேண்டும்?

புதிய ரேடியேட்டர் லண்டனிலிருந்து கப்பலில் வர இரண்டு மாதம் ஆகுமாம். எனக்கு இது ஒன்பதாவது மாதம். பாய் பழையதில் இரண்டைக் காட்டினார். பளபளவென்று பெயின்ட் அடித்திருந்ததை இவர் தூக்கினார்.

"பெயின்ட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அழுக்கா இருக்கே, அத எடுங்க. பாய் தண்ணி ஊத்திக் காட்டட்டும்," என்றேன்.

ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. மாலைக்குள் மாட்டிவிட்டார்கள்.

இப்போது இவர் நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வைத்திருக்கும் பையைத் திறந்து, எதற்கும் இருக்கட்டும் என்று குழந்தைத் துணிகளுக்கு அடியில் ஒரு பொட்டலம் மஞ்சள் தூள் வைத்துவிட்டு வந்தேன்.