ரிக்கு வண்டிக் கதவில் இரண்டாவது பெயர்

அன்புள்ள செல்வா,

செத்துப்போன கூட்டாளிமேல் பொறாமைப்படுகிறவனை ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். சொல்லட்டும். பைக்கில் போய் அடிபட்டு நீ செத்து ஒரு வருடம் ஆகிறது. புதுச்சத்திரம் பட்டறைக்கு வருகிறவர்கள் இன்னும் "செல்வா கை மாதிரி வருமா?" என்கிறார்கள். ஸ்ப்ரே கன்னைப் பிடித்து நிற்பது நான்.

போன வாரம் அந்த ரிக்கு வண்டி மறுபெயிண்டுக்கு வந்தது. ஏழு வருடத்துக்கு முன் நாம் இருவரும் சேர்ந்து அடித்த முதல் போர்வெல் வண்டி. எத்தனை ஊர்ச் சேற்றில் நின்றிருக்கும்! கம்ப்ரசர் பக்கம் ஒரு புள்ளி துரு இல்லை. மேலே பளபளத்த எனாமல் நீ அடித்தது. அடியில் பழைய துருவைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தவன் நான். துருவைத் தடுத்தது எது என்று உனக்குத் தெரியாதா?

கதவு மூலையில் உன் பெயர் மட்டும்தான். நீ வண்டி ஓனருக்குச் சொந்தம். என்னிடம் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு, "ஒரு பேரு போதும்" என்றார். பிரஷ் உன் கையில் இருந்தது. நீ ஏன் வாயைத் திறக்கவில்லை, செல்வா?

இந்த முறையும் அதே ஓனர். "அவம் பேர மட்டும் டேப் ஒட்டி மறைச்சுட்டு மிச்சத்த அடிச்சுரு சாமி. கைராசிக்காரன்."

"அடியில பிரைமர் கோட்டு நான் அடிச்சதுங்க."

"அப்பறம் டீ வாங்கியாந்தவம் பேரையும் எழுதிக்கலாமா?"

பட்டறையே சிரித்தது. ஒட்டினேன். அடித்தேன். காய்ந்ததும் டேப்பை உரித்தால், உன் பெயர் அதோடு வந்துவிட்டது. பளபளப்பின்மேல் தேய்க்காமல் எழுதினால் பிடிக்காது என்று அன்றைக்கே சொன்னேன். உனக்கு எப்போதும் அவசரம். டேப்பில் இடவலம் மாறிக் கிடந்த உன் எழுத்துகளைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் பொய் சொல்வானேன்?

என் பெயரை மட்டும் எழுத ஐந்து நிமிடம் போதும். ஆனால், அந்த இடத்தை நன்றாகத் தேய்த்து, மேலே உன் பெயரை எழுதினேன். கீழே, அதே அளவில், என் பெயரை எழுதினேன். உன்னை விட்டுவிட்டு எழுத ஏன் மனம் வரவில்லை?

ஓனர் குனிந்து பார்த்தார். "கீழ ஆரு பேரு இது?"

"என்னுதுங்க."

"அழிச்சுரு."

"தேச்சு எழுதியிருக்கறனுங்க. இனிக் கதவத்தானுங்க மாத்தோணும்."

என்னையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தார். மறுநாள் வண்டிக்கு வேலை இருந்தது; மறுபடி தேய்த்து அடிக்க நேரமில்லை. ஏறி ஓட்டிக்கொண்டு போனார்.

என் வயிற்றெரிச்சல் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அதிலும் உன் பெயர்தான் மேலே. நாம் சேர்ந்து அடித்து, உன் பெயரை மட்டும் சுமந்துகொண்டு இன்னும் மூன்று வண்டிகள் ஓடுகின்றன. எல்லாம் ஒருநாள் இந்தப் பட்டறைக்கு வரும். ஒவ்வொன்றிலும் என் பெயரை எழுதுவேன். உன் பெயரை எவன் அழிக்கச் சொன்னாலும் விடமாட்டேன். ஆனால், என்னுடையது மேலே. பொறுத்துக்கொள்.

உன் பங்காளி,
பெயிண்டர் மாரிமுத்து