மண்கும்பானுக்கு மேலே நின்ற விமானம்

பாரிஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் அன்ரனிட்டா,

மாதா காவலில் நீரும் மகளும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் இருமல் போய்விட்டது, யோசிக்க வேண்டாம்.

போனில் சொன்னால் சிரிப்பீர் என்றுதான் எழுதுகிறேன். கணினியில் விமானம் ஓட்டிப் பழகுகிறேன். பலாலியில் ஏறி ஊர்காவற்றுறைக்கு வருவேன். ஒவ்வொரு முறையும் மண்கும்பான் கரைக்கு மேலே படம் உறைந்து, விமானம் அந்தரத்தில் நின்றுவிடும். படம் உறையாமல் ஓட கணினிக்குள் பூட்டும் நல்ல கிராபிக்ஸ் காட் ஒன்று வாங்க நேற்றுப் போனேன்.

"எந்தெந்த நாட்டுக்கு ஓடப்போறீர்?" என்று கடைக்கார ஜெகதீஸ் அண்ணை கேட்டார்.

"ஊருக்கு மட்டும்தான் அண்ணை."

"ஒரு தீவுக்கு இவ்வளவு பெரிய காட் வேண்டாம் தம்பி."

நான் பெரியதையே வாங்கினேன்.

இப்போது விமானம் நிற்பதில்லை. ஆனால் எங்கட வளவில் வீட்டைக் காணவில்லை, வெறும் பனைகள்தான். அந்தக் கணினிப் படத்துக்குள் வீட்டை நாமே செய்து வைக்கலாமாம். கோயில் வாசலிலிருந்து எங்கட வேலிப் படலைக்கு எத்தனை கவடு என்று நடந்து எண்ணி எழுதும். ஏழு வருடத்தில் எனக்கு மறந்துபோச்சு.

வேலைக்கு நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். அகதி வழக்கைத் திரும்பவும் தள்ளிப்போட்டுவிட்டார்கள். முடிவு வரும்வரை இந்த நாட்டை விட்டு வெளிக்கிட ஏலாது. அதனால் அவசரமில்லை, ஆறுதலாக எண்ணும்.

உமது
றஜீபன்