பெரியம்மாவை அன்ரி என்று எழுத மறுத்த என் மகளை மீண்டும் சேர்த்துக்கொள்ளக் கோரல்

அனுப்புபவர்:
வேரோனிக்கா அன்புராசா,
ஸ்காபுறோ, ரொறன்ரோ.

பெறுநர்:
மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்கள்,
பெருநூல்கள் சிறப்புக் கற்கைநெறி,
புனித பிரிசில்லா கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்,
ரொறன்ரோ.

விடயம்: பொய் சொன்னதாகக் கற்கைநெறியிலிருந்து விலக்கப்பட்ட இரண்டாம் ஆண்டு மாணவி றெபேக்கா அன்புராசா தொடர்பானது

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் றெபேக்காவைப் பெற்ற தாய். என் படிப்பு இடம்பெயர்வோடு ஏழாம் வகுப்பில் நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் வேலையிடத்துக்குக் காணும், மனு எழுதக் காணாது. ஆகையால் தமிழில் எழுதுகிறேன். எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த வின்சன்ற் அண்ணை ஆங்கிலத்தில் மாற்றி இத்துடன் இணைத்துத் தருகிறார். மகளைக் கொண்டு மாற்றுவித்தால் அவளே எழுதியதாகிவிடும் என்பதால் அவளிடம் கேட்கவில்லை.

2. கடந்த நவம்பர் மாதம் என் அக்கா றெஜினா மூளையில் இரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் காலமானார். அவருக்குக் கல்யாணம் இல்லை. றெபேக்கா பிறக்க முதலே எங்களோடு ஒரே வீட்டில் இருந்தவர். அன்று ஆஸ்பத்திரியில் இருந்தபடியே றெபேக்கா தங்கள் அலுவலகத்துக்குத் தன் தாய் இறந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். தாங்களும் தாயை இழந்த பிள்ளைக்குரிய லீவைக் கொடுத்தீர்கள். கட்டுரையைப் பிந்திக் கொடுக்கவும் விட்டீர்கள். அந்த இரக்கத்துக்கு முதலில் நன்றி சொல்லிவிட்டே மற்றதை எழுதுகிறேன்.

3. அடக்கம் முடிந்த கிழமை தங்கள் அலுவலகத்து அம்மணி ஒருவர் ஆறுதல் சொல்லவும், செபத்தில் நினைக்க இறந்தவரின் பெயரைக் கேட்கவும் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தார். நான்தான் எடுத்தேன். யார் கதைக்கிறது என்று கேட்டார். றெபேக்காவின் அம்மா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னேன். அவர் இறந்தவரின் பெயரைக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டார். பிள்ளைக்கு எதிராக நானே சாட்சி சொல்லியிருக்கிறேன் என்பது தங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

4. அந்தக் கடிதத்தில் உள்ளது இதுதான்: இறந்தவர் தாய் அல்ல, தாயின் சகோதரி. லீவுக்காக றெபேக்கா பொய் சொன்னாள். முதல் நாளில் பொய் சொல்வதில்லை என்று வைத்த ஒப்பத்தை மீறினாள். ஆகையால் கற்கைநெறியிலிருந்து விலக்கப்படுகிறாள். இறந்தவர் தன் அன்ரி என்றும், தாய் என்று எழுதியது பொய் என்றும் இம்மாதம் பதினான்காம் திகதிக்குள் ஒப்பமிட்டுத் தந்தால் மீண்டும் சேர்ப்பதை யோசிக்கலாம் என்றும் உள்ளது. அவள் ஒப்பமிடவில்லை. நான் கெஞ்சியும் பார்த்துவிட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அம்மாவை அன்ரி எண்டு எழுதிக் குடுத்திட்டு, அந்த வகுப்பு மேசையிலை போயிருந்து நான் என்னத்தை மம்மி கதைக்கிறது?"

5. அவள் என்னை மம்மி என்பாள். அக்காவை அம்மா என்பாள். வாய் திறந்த நாள்தொட்டு அப்படித்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்கிறார்கள். நான் மரக்கறி பொதி செய்யும் தொழிற்சாலையில் பின்னேர வேலை செய்தேன். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும்போது கதவு திறந்தது அக்கா. காய்ச்சலுக்குப் பக்கத்தில் படுத்தது அக்கா. பெற்றோர் கூட்டத்துக்குப் போனதும் அக்காதான். ஆசிரியர்மார் அவரை மிஸிஸ் அன்புராசா என்று கூப்பிட, அவரும் திருத்தாமல் தலையாட்டிவிட்டு வருவார். "எனக்கு ரண்டு பெண்சாதி எண்டு இமிகிரேசனுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ மச்சாள்" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். அதற்கு அக்கா, "ஒண்டையே ஒழுங்காப் பாக்கேல்லை, உதுக்குள்ளை ரண்டோ" என்பார்.

6. மகள் அக்காவை அம்மா என்று கூப்பிட்டபோது எனக்கு ஒருநாளும் மனம் நோகவில்லை என்று எழுதினால் அதுதான் ஐயா பொய். நொந்தது. ஆனால் அது உண்மையான பெயர் என்று தெரிந்ததால்தான் நொந்தது.

7. இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அன்ரி என்றால் யார் என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். கடையில் கொத்துரொட்டி கட்டித் தருபவர் அன்ரி. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் அன்ரி. கலியாண வீட்டில் எத்தனை மார்க்ஸ் என்று கேட்டு அரியண்டம் தருபவரும் அன்ரி. எங்கள் தமிழில் தாயின் மூத்த சகோதரிக்குப் பெரியம்மா என்று பெயர். பெரிய அம்மா என்பதுதான் அதன் கருத்து. நேற்று இதை ஆங்கிலத்தில் மாற்றும்போது வின்சன்ற் அண்ணையும் பெரியம்மா என்ற இடத்தில் ஆன்ற் என்றே போட்டார். "அண்ணை, உந்தச் சொல்லாலைதான் பிள்ளை வெளியிலை நிக்கிறாள்" என்றேன். அவர் அதை வெட்டிவிட்டார். ஆகையால் ஆங்கிலத் தாளில் அந்த ஒரு சொல் மாற்றாமல் கிடக்கும். பெரியம்மா என்றே வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

8. லீவுக்காகத் திடீரென்று உண்டாக்கிய தாய் அல்ல இவர் என்பதற்குத் தங்களிடமே சாட்சி உண்டு. றெபேக்கா தான் வாசிக்கும் பழைய நூல்களின் கதையைக் குசினியில் அக்காவுக்குத் தமிழில் சொல்லுவாள். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டிருப்பார். முதலாம் ஆண்டில் ஒருநாள், போருக்குப் போன ஒருவனின் கதையைச் சொல்லும்போது, "உவன் போக முதல் தாயிட்டை ஒரு சொல்லுக் கேட்டவனோ?" என்று அக்கா கேட்டார். மகள் அந்தக் கேள்வியைக் கொண்டுபோய், எல்லோரும் சுற்றியிருந்து கதைக்கும் வகுப்பு மேசையில் வைத்தாள். அன்று முழுக்க அதைப் பற்றித்தான் கதைத்தார்களாம். இது யாருடைய கேள்வி என்று பேராசிரியர் கேட்க, என் அம்மாவினுடையது என்று எல்லோர் முன்னும் சொல்லியிருக்கிறாள். அப்போது அக்கா சுகமாக இருந்தார். லீவு ஒன்றும் தேவைப்படவில்லை. அந்தப் பேராசிரியரைக் கேளுங்கள். கூடப் படிக்கும் மாக்கஸ் என்ற பிள்ளையையும் கேளுங்கள். அவர் அடக்கத்துக்கு வந்து, பெட்டி மூடும்போது பெற்ற பிள்ளை நிற்கும் இடத்தில் றெபேக்கா நின்றதைக் கண்ணால் கண்டவர்.

9. தங்களுடையது கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். தங்களுக்கு நான் வேதம் சொல்லத் தேவையில்லை. சிலுவையடியில் நின்ற சீடனுக்கு ஆண்டவர் தம் தாயைத் தாயாகக் கொடுத்தார் என்று பெரிய வெள்ளி தோறும் கேட்கிறோம். அந்தச் சீடன் அவரை அம்மா என்றதை யாரும் பொய் என்று சொன்னதாக நான் கேட்டதில்லை.

10. பொய் சொல்வதில்லை என்ற ஒப்பத்தை என் மகள் மீறவில்லை. அதை மதிப்பதால்தான் தாங்கள் தந்த தாளில் ஒப்பமிடாமல் இருக்கிறாள். லீவு விதியின்படி பெரியம்மாவுக்கு ஒரு நாள்தான் என்றால், மற்ற நாட்களுக்குரிய தண்டனையைக் கொடுங்கள். கட்டுரைக்குப் புள்ளியைக் குறையுங்கள். அதற்கு அவளும் சம்மதம், நானும் சம்மதம். பொய் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். எங்களைக் கூப்பிட்டு விசாரிக்க விரும்பினால் நானும் கணவரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருவோம்.

11. விலக்கப்பட்ட பிறகும் வகுப்புக்கான நூல்களை அவள் நிறுத்தவில்லை. கூடப் படிப்பவர்களிடம் எது என்று கேட்டு, வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசிக்கிறாள். நாளைய வகுப்புக்குரியதை முடித்துவிட்டாள். அடுத்த செவ்வாய்க்குரியதில் பாதி வந்துவிட்டாள். கேள்விகளும் வைத்திருக்கிறாள். இம்முறை அவை அவளுடைய சொந்தக் கேள்விகள். அவற்றைக் கேட்க அவளுக்கு வீட்டில் இடமில்லை. அதற்கு நான் காணாது. தங்கள் மேசைதான் அதற்குரிய இடம். வரச் சொல்லுங்கள் ஐயா, அவள் ஆயத்தமாக இருக்கிறாள்.

தங்கள் நல்ல மனதை நம்பி ஒப்பமிடுபவள்,

வே. அன்புராசா
(வேரோனிக்கா அன்புராசா)

இடம்: ஸ்காபுறோ, ரொறன்ரோ
திகதி: 03.02.2025

இணைப்பு: ஆங்கில மாற்றுப் பிரதி, அக்காவின் மரண அறிவித்தல்