முப்பது மில்லிக்குக் கீழே

புரட்டாசி 26, திங்கள்

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு வரவில்லை. மஹாளயம் முடிந்து இரண்டு நாள், தொண்டை இன்னும் கட்டியிருக்கிறது. பதினைந்து நாளும் வீடு வீடாகத் தர்ப்பணம், சிராத்தம். உடம்பில் ஒன்றும் மிச்சம் இல்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன். எடுத்துப்போக வேண்டியவை: பழைய வேஷ்டி நாலு, விபூதிச் சம்புடம், புதுப் பூணூல் இரண்டு, பஞ்சாங்கம், சார்ஜர், இந்த நோட்டு.

சேது வந்தான். சித்தப்பா பையன், என்னைப் போலவே வாத்தியார் வேலை. ஆறு வாரம் என் வீடுகளை எல்லாம் அவன்தான் பார்த்துக்கொள்ளப் போகிறான். திதி நோட்டைக் கொடுத்தேன். யார் வீட்டில் என்ன திதி, எந்த மாசம், போன் நம்பர், எல்லாம் அதில். இருபத்தைந்து வருஷத்தில் ஒருத்தருக்கும் சொல்ல மறந்ததில்லை என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

ஏன் ஆபரேஷன் என்று கேட்கிறவர்களுக்கு "மடிப்புல புண்" என்கிறேன். பொய் இல்லை. 131 கிலோ இருந்தேன், இப்போது 74. மூணு வருஷம் முன்னால் இரைப்பையைச் சின்னதாக்கியதில் சதை கரைந்தது, தோல் மட்டும் போகவில்லை. வயிற்றிலிருந்து தொடை வரை தொங்குகிறது. ஹோமத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் மடிப்புக்குள் வெந்துபோகிறது. பூணூல் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். இடது கையால் தோலைத் தூக்கி, வலது கை விரலை விட்டு எடுக்க வேண்டும். நாலு பேர் பார்க்க.

ஆனால் புண்ணுக்காக இல்லை. மற்றவர்களுக்குச் சட்டை இருக்கிறது. என் வேலைக்குச் சட்டை கிடையாது. ஆனி மாசம் தி.நகரில் ஒரு கல்யாணம். மாங்கல்யதாரணத்துக்குக் கொஞ்சம் முன்னால் வீடியோக்காரன் காதருகே வந்து, "சாமி, அந்தத் துண்ட மேல போத்திக்கினு உக்காரேன். ஃப்ரேம்ல ஒரு மாதிரி கீது" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. போர்த்திக்கொண்டேன். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். கோமதியிடம் மட்டும் சொன்னேன். பெண்டாட்டியிடம் கூடச் சொல்லாமல் எப்படி.

புரட்டாசி 28, புதன். ஆஸ்பத்திரி

டாக்டர் அம்மாவுக்கு என் கடைசித் தங்கை வயதுதான் இருக்கும். நிற்க வைத்து மார்க்கர் பேனாவால் வயிறு முழுக்கக் கோடு போட்டார். தோலைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் பார்த்து, "நல்லா லூசா இருக்கு சார், ஈஸியா வரும்" என்றார். சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

தேதியை இரண்டு தடவை மாற்றச் சொன்னதைச் சிரித்துக்கொண்டே சொல்லிக் காட்டினார். முதலில் கொடுத்த நாள் அஷ்டமி. அடுத்தது எனக்குச் சந்திராஷ்டமம். நாளைக்குப் பஞ்சமி, நல்ல நட்சத்திரம். பஞ்சாங்கத்தைக் குடைந்து நானே எடுத்த நாள். ஒரு குறை சொல்ல முடியாது.

பூணூலைக் கழற்றச் சொன்னார்கள். முடியாது என்றேன். உடம்பில் நூல் கூட இருக்கக் கூடாது என்று நர்ஸ் பிடிவாதம். கோமதி என்னைப் பார்க்கிறாள், நான் சுவரைப் பார்க்கிறேன். வார்டில் ரஃபீக் என்று ஒரு ஆண் நர்ஸ், ராயப்பேட்டைக்காரர். அவர்தான் டாக்டரிடம் கேட்டு வந்தார். "கழட்ட வாணாம் சாமி. மணிக்கட்டுல சுத்தி ப்ளாஸ்திரி போட்டுடலாம். நான் பாத்துக்கறேன்." பெரிய மனசு. வீட்டுக்கு ஒரே பையனாம், சர்க்கரை வியாதி வேறயாம்.

புரட்டாசி 31, சனி

எழுத வரவில்லை. கூன் விழுந்த மாதிரி வளைந்தே படுக்கை. நிமிர்ந்தால் தையல் இழுக்கிறது. இரண்டு பக்கமும் ட்யூப், நுனியில் பிளாஸ்டிக் குப்பி, அதில் சிவப்பாகத் தண்ணீர்.

மூணு நாளாய்க் குளியல் இல்லை. சந்தியாவந்தனம் படுத்தபடியே, மனசுக்குள். இருமினால் உயிர் போகிறது.

வெட்டியெடுத்தது நாலே கால் கிலோவாம். எங்கே போகும் என்று ரஃபீக்கைக் கேட்டேன். மஞ்சள் பையில் போட்டு எரித்துவிடுவார்களாம். எத்தனையோ பேருக்கு மந்திரம் சொல்லி அனுப்பியவன் நான். என்னில் நாலே கால் கிலோ ஒரு மந்திரமும் இல்லாமல் போயிருக்கிறது. இதற்கு என்ன செய்வது என்று எந்தப் புஸ்தகத்திலும் படித்த ஞாபகம் இல்லை.

ஐப்பசி 3, செவ்வாய். வீடு

நேற்று வந்தாச்சு. முதல் மாடி, பதினெட்டுப் படி, பதினெட்டு நிமிஷம். ட்யூப் இன்னும் இருக்கிறது. காலையும் சாயங்காலமும் குப்பியை அளவு டம்ளரில் கொட்டி அளக்க வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது மி.லி.க்குக் கீழே வந்தால்தான் எடுப்பார்களாம். சமையலறை டம்ளர் வேண்டாம் என்று கோமதி வேறு வாங்கி வந்தாள்.

இன்று: வலது 85. இடது 110.

மத்தியானம் சேது போன். நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தானாம். "அண்ணா, பெரியப்பா திதி நோட்டுல இல்லியே. ஐப்பசி தேய்பிறை திருதியை தானே? அடுத்த புதன்கிழமை வரதே" என்றான்.



என் அப்பா திதி. போன வருஷம் தீபாவளிக்கு அப்புறம் வந்தது. அதையே மண்டையில் வைத்திருந்தேன். இந்த வருஷம் தீபாவளிக்கு முன்னாலேயே வருகிறது. ஊரில் எல்லோருடைய திதியும் நோட்டில் இருக்கிறது, அப்பாவுடையதை எழுதி வைக்கவே இல்லை. அது மறக்குமா என்ற திமிர். அஷ்டமி பார்த்தேன், சந்திராஷ்டமம் பார்த்தேன். இதைப் பார்க்கவில்லை.

உடம்பில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் பித்ரு காரியம் செய்யக் கூடாது. நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எட்டு நாள் இருக்கிறது. ட்யூப் வெளியே வந்தாக வேண்டும்.

ஐப்பசி 5, வியாழன்

விடாத தூறல். மாட வீதியில் தண்ணீர் நிற்கிறதாம்.

வலது 60. இடது 90.

கோமதி அளக்கிறாள், நான் எழுதுகிறேன். பத்தாவது பரீட்சை மார்க் மாதிரி தினமும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். குறைவாகத் தண்ணீர் குடித்தால் குறையுமோ என்று கேட்டேன். முறைத்தாள். டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டாள். நிறையக் குடிக்க வேண்டுமாம்.

கண்ணாடியில் பார்த்தேன். வயிறு தட்டை. முதலில் சந்தோஷமாக இல்லை, யார் இது என்று இருந்தது. பெல்ட்டை மறுபடி இறுக்கிக்கொண்டு வந்து படுத்துவிட்டேன்.

அப்பாவும் என் மாதிரிதான். எத்தனை கிலோ என்று யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. போகிற வீட்டில் எல்லாம் "இன்னும் ஒண்ணு போட்டுக்கோங்கோ" என்பார்கள், மாட்டேன் என்று சொல்ல வராது அவருக்கு. ஒரு கிரகப்பிரவேசத்துக்கு மூணாவது மாடி ஏறிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தைந்து வயசு. எனக்கு அதற்கு இன்னும் ஏழு வருஷம். அதற்குப் பயந்துதான் இந்த மெலிவெல்லாம். அப்பாவை நினைத்து ஆரம்பித்த வேலை, அப்பா திதிக்கே குறுக்கே வந்து நிற்கிறது.

ஐப்பசி 8, ஞாயிறு

வலது 35. இடது 70. இடதுதான் சண்டி பண்ணுகிறது.

எட்டு மணிக்கு இட்லி அரை. மாத்திரை. தூக்கம். சேது வந்து யார் யார் வீட்டில் என்னை விசாரித்தார்கள் என்று சொன்னான். சிலருக்கு இன்னும் எனக்குப் பெரிய வியாதி என்றே எண்ணமாம். ஒரு வீட்டில், இனிமேல் நீங்களே வந்துவிடுங்களேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னான், பாவம்.

அடையாறு மணி மாமா ஞாபகம் நாலு நாளாக விடவில்லை. ரெண்டு வருஷம் ஆகிறது. அவர் அம்மா திதிக்கு முதல் நாள் போன் பண்ணினார். குடலில் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள், ட்யூப் இருக்கிறது, கீழே உட்கார முடியவில்லை என்றார். அவருக்காக வேறு ஒரு வீட்டை விட்டிருந்தேன். சாமான் வாங்கியாச்சு, சாப்பிட வருகிறவர்களுக்குச் சொல்லியாச்சு. எரிச்சல். "உடம்பு முடியலேன்னு சொல்லாதீங்கோ மாமா, மனசு இல்லேன்னு சொல்லுங்கோ" என்றேன்.

"சரி வாத்தியாரே" என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம் கூப்பிட்டதே இல்லை. திதி நோட்டில் அவர் பேரை நானே அடித்தேன். தவறினால் அடுத்த ஏகாதசியில் செய்யலாம் என்று எல்லோருக்கும் சொல்லுகிறவன், அவருக்கு மட்டும் சொல்லவில்லை. சொல்லாதது மறதியால் இல்லை. கோபத்தால்.

ஐப்பசி 10, செவ்வாய்

வலது 25. இடது 55.

ஆட்டோ, மழை, தி.நகர் டிராஃபிக். ஒவ்வொரு பள்ளத்திலும் தையலைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் வலது பக்க ட்யூபை எடுத்துவிட்டார். இடதை எடுக்க மாட்டேன் என்றார். கெஞ்சினேன். இந்த வயசில் ஒரு சின்னப் பெண்ணிடம் கெஞ்சினேன். இப்போது எடுத்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், மறுபடி ஊசி போட்டு எடுக்க வேண்டிவரும், சீழ் வைத்தால் திரும்பத் திறக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். கடைசியில், "அப்பா வெயிட் பண்ணுவார் சார்" என்றார்.

ஆட்டோவில் கோமதி என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அழுததைப் பார்க்காத மாதிரி இருக்க.

ஐப்பசி 11, புதன். திருதியை

இடது 45.

அப்பா திதி. ஒன்றும் செய்யவில்லை. இந்த நாளில் இந்த வீட்டில் அடுப்பு மணமும் புகையும் இருக்கும். இன்று ரசம் சாதம். இருபது வருஷத்தில் முதல் தடவை.

சேதுவுக்கு இன்று வேறு இரண்டு வீட்டில் சிராத்தம், நான் சேர்த்துவிட்ட வீடுகள்தான். அவர்கள் அப்பாக்களுக்கு நடக்கிறது.

பதினோரு மணிக்கு மணி மாமாவுக்குப் போன் பண்ணினேன். எடுப்பார் என்று நினைக்கவில்லை. எடுத்தார். என்ன ஆச்சு என்று எல்லாவற்றையும் சொன்னேன், தோல், ட்யூப், திதி. அப்புறம், "அன்னிக்கு நான் பேசினது தப்பு மாமா" என்றேன்.



"எத்தனை மில்லி வரது?" என்றார்.

நாற்பத்தைந்து என்றேன். தனக்கு ஐம்பதிலேயே நாலு நாள் நின்றதாகவும், அப்புறம் சடாரென்று இறங்கியதாகவும் சொன்னார். ஏகாதசிக்குள் எடுத்துவிடுவார்கள், கவலைப்படாதீர்கள் என்றார். ஏகாதசி என்று அவரே சொன்னார். கோபித்திருந்தால் தேவலை.

ஐப்பசி 16, திங்கள்

இடது 22. எடுத்தாச்சு.

குளித்தேன். பத்தொன்பது நாள் கழித்து தலையோடு. கோமதி வெந்நீர் விட்டாள். புதுப் பூணூல் போட்டுக்கொண்டேன்.

டாக்டர் சொன்னது: தரையில் உட்காரக் கூடாது. குனியக் கூடாது. விழுந்து நமஸ்காரம் கூடவே கூடாது. நாற்காலியில் உட்கார்ந்தால் கை ஹோமத்துக்கு எட்டாது. சேதுவுடன் அரை மணி யோசனை. தலையணை அடுக்கிப் பார்த்தோம், சாய்ந்தது. வாளியைக் கவிழ்த்துப் பார்த்தோம், கோமதி கோபித்துக்கொண்டு எடுத்துப்போய்விட்டாள்.

ஐப்பசி 19, வியாழன். ஏகாதசி

விடிந்ததிலிருந்து மழை. சேது எட்டு மணிக்கே வந்து தர்ப்பை, எள், பாத்திரம் எல்லாம் எடுத்து வைத்தான். உட்காருவது எப்படி என்று இன்னும் முடிவாகவில்லை.

ஒன்பது மணிக்கு வாசலில் சத்தம். மணி மாமா. குடை ஒரு கையில், இன்னொரு கையில் பிளாஸ்டிக் கவர் சுற்றிய ஒரு மரச் சாமான். பதினெட்டுப் படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

கவரைப் பிரித்தார். குட்டை ஸ்டூல். தேக்கு. ஓரங்கள் இழைத்து உருண்டையாக இருந்தன.

"எட்டு அங்குலம். கார்பெண்டர்ட்ட சொல்லிப் பண்ணினேன். இதுல உக்காந்தா வயிறு மடங்காது, கையும் எட்டும்."

எப்போது பண்ணினார் என்று கேட்கத் தேவையில்லை. கேட்டேன். ரெண்டு வருஷம் முன்னால், அந்த ஏகாதசிக்கு என்றார். வேறு ஒரு வாத்தியாரை வைத்து அம்மாவுக்குச் செய்திருக்கிறார். ஏகாதசியில் செய்யலாம் என்று யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் போட்டிருக்கிறதே என்றார்.

அதில் உட்கார்ந்துதான் அப்பாவுக்குச் செய்தேன். கை எட்டியது. வயிறு மடங்கவில்லை. "இடம்" என்று சேது சொன்னதும் பூணூலை இடப்பக்கம் தொங்கும்படி மாற்றினேன். என் இடது கை வழக்கம் போல் தோலைத் தூக்கப் போனது, அங்கே ஒன்றும் இல்லை. பூணூல் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. நமஸ்காரம் மட்டும் நின்றபடியே. மணி மாமா கூடத்து மூலையில் கடைசி வரை நின்றுகொண்டிருந்தார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

எல்லாம் முடிந்து அவர் கிளம்பும்போது ஸ்டூலைத் துடைத்துக் கையில் கொடுத்தேன். வாங்கவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்:

"உங்களோடயே இருக்கட்டும் வாத்தியாரே. இனிமே யாராவது உக்கார முடியலேன்னு போன் பண்ணினா, எடுத்துண்டு போங்கோ."

ஸ்டூலை பீரோ பக்கத்தில் வைத்தேன். சேதுவிடமிருந்து திதி நோட்டை வாங்கி அவர் அம்மா பேரை மறுபடி எழுதினேன். அடியில் அப்பா பேரையும்.