முட்டியைத் தொட்டுப் பார்த்தவள்

செவ்வாய்க்கிழமை, மதியம்
பந்து அறை

அன்புள்ள கொக்குக்கு,

உன் பழைய கேப்டன் எழுதுவது. நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். நான் எப்படி இருக்கிறேன் என்பது இந்தக் கடிதம் முடிவதற்குள் உனக்குத் தெரிந்துவிடும்.

உன் கடிதம் வந்து ஏழு மாதமாகிறது. மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறுகிறேன் என்று எழுதியிருந்தாய். கீழ்வீட்டுக் குழந்தை உன்னோடு ஏறிப் பழகி, படி என்றாலே அப்படித்தான் ஏற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பதையும் எழுதியிருந்தாய். நான் சிரிக்கட்டும் என்றுதான் எழுதினாய், சிரிக்கவும் சிரித்தேன். பதில் எழுதத்தான் கை வரவில்லை.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பதினாறு வருடமாக அதே கல்லூரி, அதே பெண்கள் கூடைப்பந்து அணி, அதே உதவிப் பயிற்சியாளர் வேலை. எனக்கு மேலே தலைமைப் பயிற்சியாளராக மூன்று பேர் வந்தார்கள், மூவரும் ஆண்கள். இரண்டாவதாக வந்தவன், நாம் ஆடிய காலத்தில் ஓரத்தில் நின்று பந்து பொறுக்கிப் போட்ட பையன். அவனுக்கு ஃப்ரீ த்ரோ போடச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். பெண் ஒருத்தி தனியாக அணியை வெளியூர் அழைத்துப் போவது சரிப்படாது என்பது நிர்வாகத்தின் வாதம். வெளியூர் போகும்போது ரயிலில் பன்னிரண்டு பெண்களோடு உட்கார்ந்து விழித்திருப்பவள் நான். இப்போதிருக்கும் சார் இரண்டு பெட்டி தள்ளிக் குறட்டை விட்டுக்கொண்டு வருவார்.

பெண்கள் அவரை சார் என்பார்கள், என்னை அக்கா என்பார்கள். பாசம் என்று ரொம்ப நாள் ஏமாந்திருந்தேன். சார் என்றால் விசிலும் நாற்காலியும். அக்கா என்றால் டேப், தண்ணீர் பாட்டில், நாப்கின், அழுகை.

தாழ்வாரத்தில் என் படத்தை ஆள் உயரத்துக்கு மாட்டி வைத்திருக்கிறார்கள். புதிதாகச் சேர வருகிறவர்களின் பெற்றோருக்குக் காட்டுவதற்கு. படத்தில் நான் காற்றில் இருக்கிறேன். அதன் கீழே பந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு தினமும் நடந்து போகிறேன். போன மாதம் எதிரணியின் மேலாளர் ஒருவர் அந்தப் படத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் திரும்பி, "ஏம்மா, தண்ணி கேன் எங்க வைப்பீங்க?" என்றார். எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அணியில் ஒரு பெண். சட்டை எண் பதினொன்று, கூப்பிடுவதும் பதினொன்று என்றுதான். அவளைப் போல மேலே எழும்புகிறவளை உனக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அம்மா துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். நிற்கிறவள் என்றால் நிஜமாகவே நிற்கிறவள், காலை ஒன்பது முதல் கடை அடைக்கும்வரை. நாற்காலி போட்டால் தூங்கிவிடுவார்களாம்.

ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் கல்லூரி டாக்டர் வந்து எல்லோரையும் பரிசோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆண்கள் அணியை அவரே தொட்டுப் பார்ப்பார். பெண்களைத் தொடமாட்டார். எப்போதோ யாருடைய அப்பாவோ புகார் செய்தாராம். பெண் டாக்டர் ஒருத்தியை வரவழைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு என்னைக் கண்டுபிடித்தார்கள். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் தரையில் மண்டியிட்டு, பெண்ணின் முட்டியை மடக்கி, கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்துச் சொல்வேன். அவர் எழுதிக்கொள்வார். கையெழுத்து அவருடையது, விரல் என்னுடையது. பதினாறு வருடமாக இதுதான் எங்கள் மருத்துவப் பரிசோதனை.

அரையிறுதியில் பதினொன்று ஒரு காலில் கோணலாக இறங்கினாள். இரண்டு நாள் கழித்து, இறுதி ஆட்டத்தன்று காலை, அவள் காலை இழுத்தேன். சரியாக மூடாத மேசை இழுப்பறை போல எலும்பு முன்னால் வந்தது, உள்ளே நார் விட்டிருந்தது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

அன்று காலைதான் சார் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். கோப்பையோடு ஓய்வு பெற வேண்டும் என்பது அவர் ஆசை. கோப்பை வந்தால் அந்த நாற்காலி எனக்குத்தான், முதல்வரிடம் பேசியாகிவிட்டது. பதினொன்று இல்லாமல் கோப்பை இல்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

டாக்டர் போனைப் பார்த்தபடியே, "ஓகேயாம்மா?" என்றார். ஓகே சார் என்றேன்.

டேப் சுற்றும்போது அந்தப் பெண் குனிந்து மெதுவாகச் சொன்னாள், "அக்கா, உள்ள என்னமோ வழுக்குதுக்கா." நான் தலை நிமிரவில்லை. "ஒண்ணுமில்லடி. குதி" என்றேன்.

கொக்கு, இந்த வார்த்தையை என் வாயாலேயே நீ ஏற்கெனவே கேட்டிருக்கிறாய்.

ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதி. யாரும் தள்ளவில்லை. பந்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆறு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். கோப்பையோடு எடுத்த படத்தில் நான் இல்லை, ஆம்புலன்ஸில் இருந்தேன்.

இனி ஆட முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சீக்கிரம் அறுவைச் சிகிச்சை செய்தால் நன்றாக நடக்கலாம், செய்யாவிட்டால் அதுவும் சந்தேகம். அவள் அம்மா கடைச் சீருடையோடு ஓடி வந்தாள். என்னைத் திட்டுவாள், நாலு அறை அறைவாள் என்று காத்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா அனுப்பினேன். நீங்க பார்த்தா சரியாத்தான் பார்த்திருப்பீங்க" என்றாள். அவள் பிடித்திருந்தது அதே கையை.

வரும் திங்கட்கிழமை விசாரணை. அலுவலகத்தில் என் வாக்குமூலத்தை அவர்களே தட்டச்சு செய்து தயாராக வைத்திருக்கிறார்கள். மேற்படி மாணவி பழைய காயத்தை மறைத்து விளையாடினார், கேட்டபோது வலி இல்லை என்று பொய் சொன்னார். நான் கையெழுத்திட்டால் காப்பீட்டுக்காரர்கள் சிகிச்சைக்குத் தரமாட்டார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த இடமும் விடுதி அறையும் போய்விடும். இரண்டாம் வருடப் படிப்போடு அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அந்தக் காலை இழுத்துக்கொண்டு. துணிக்கடையில்கூட வேலை தரமாட்டார்கள். அங்கேதான் நிற்க வேண்டுமே.

அதே ஃபைலில் அடுத்த தாள் என் நியமன உத்தரவு. கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்து நீட்டி, "ரெண்டுலயும் சேர்த்துப் போட்டுடுங்க மேடம்" என்றார். பதினாறு வருடத்தில் முதல் மேடம். திங்களன்று போடுகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

நான் வாயைத் திறந்தால் டாக்டர் போவார், நானும் போவேன், அந்தப் பெண்ணின் கால் மட்டும் திரும்பி வராது என்கிறார் சார். வீட்டில் இவரும், "அவ காலு போனது போனதுதான். உன் வேலையும் சேர்ந்து போகணுமா?" என்கிறார். இவர் கெட்டவர் இல்லை கொக்கு. தொழிற்சாலை மூடி இரண்டு வருடமாக வீட்டில் இருப்பவர், என் சம்பள நாளுக்குக் காலண்டரில் வட்டம் போடுகிறவர்.

என்னைப் பற்றி எனக்குத் தெரியும். பத்தாயிரம் பேர் கத்தும்போது ஃப்ரீ த்ரோ போட்டவள்தான். ஆனால் விசாரணை அறையில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஏழு ஆண்கள் உட்கார்ந்து பேனாவை நீட்டினால் என் கை என்ன செய்யும் என்று சொல்ல முடியவில்லை. ஒரு தடவை அது ஓகே சொல்லிவிட்டது.

அதனால் நேற்று இங்கே உட்கார்ந்து நடந்ததை நான்கு பக்கம் எழுதினேன். டாக்டர் எங்கே உட்கார்ந்திருந்தார், என் விரலுக்கு என்ன தெரிந்தது, நான் என்ன சொன்னேன், அவள் என்ன சொன்னாள், சார் காலையில் என்ன பேசினார், எல்லாம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதோடு இருக்கும் இன்னொரு உறையில் அது இருக்கிறது. மேலே அவள் அம்மாவின் முகவரி, தபால்தலையும் ஒட்டியாகிவிட்டது.

நேரே அவளுக்கே அனுப்பலாமே என்பாய். தபால்பெட்டிவரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். உனக்கு அனுப்பத்தான் துணிச்சல் வருகிறது.

திங்கள் மாலை வரை வைத்திரு. விசாரணையில் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று நான் போன் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, செவ்வாய் காலை அதைப் பெட்டியில் போட்டுவிடு. கிழித்துவிடு என்று நானே அழுது கெஞ்சினால் போனை வைத்துவிடு. நான் நன்றாக அழுவேன், உனக்குத் தெரியாததா?

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் உன் காலைப் பற்றி விசாரிக்க வந்தவர்களிடம், வலியோடு நானாகத்தான் ஆட இறங்கினேன், யாரும் சொல்லவில்லை என்றாய். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். அடுத்த மாதம் நான் தேசிய அணிக்குப் போனேன், தாழ்வாரத்துப் படம் அப்போது எடுத்ததுதான். அன்று என்னைக் காப்பாற்றினாய். இந்தத் தடவை காப்பாற்றாதே.

மழைக்காலம் வருகிறது, முட்டியில் குளிர் ஏறவிடாதே. வீட்டுக்காரனை விரட்டி லிஃப்டைச் சரிசெய்யச் சொல். நீ நன்றாக இருக்க வேண்டும், நூறு வயது வரை.

கீழ்வீட்டுக் குழந்தைக்கு மட்டும், ஒரு படிக்கு ஒரு கால் போதும் என்று சொல்லிக் கொடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் பழைய கேப்டன்